ஹார்ட்டுக்கு நல்ல ஒயின்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டெண்ட் வைத்துத் தாராவி வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து எங்கள் சமையலில் தேங்காய் நின்றுபோனது. தேங்காய் அரைக்காமல் மீன் குழம்பு வைப்பது திருநெல்வேலிக்காரிக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முட்டை மஞ்சள் கரு, பொரித்த கறி, வடா பாவ் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவரும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

ஒயின் மட்டும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்காகக் கறுப்புத் திராட்சையைப் பீங்கான் பரணியில் ஊறவைத்து நானே செய்வது. பண்டிகையன்று ஒரு வாய் குடிப்பதோடு சரி என்று இருந்தவர், சிவப்பு ஒயின் கொழுப்பைக் கரைக்கும் என்று மொபைலில் வந்ததைப் பார்த்த பிறகு தினமும் கேட்டார். மருந்துதானே என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பரணி காலியாகும் முன்பே மாஹிம் மார்க்கெட்டில் திராட்சை வாங்கி மறுபடி போட்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாட்டுங்கா டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. ட்ரைகிளிசரைடு என்று ரத்தத்தில் ஒரு கொழுப்பாம். முன்பைவிட எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"குடிக்கறதுண்டா?" என்று அவரிடம் கேட்டார் டாக்டரம்மா.

"ஆண்டவர் சாட்சியா கெடையாது டாக்டரம்மா. ஒயின் மட்டுந்தான். அதும் ஹார்ட்டுக்காவ."

"ஹார்ட்டுக்கா! தெனமுமா? எங்கே வாங்கறேள்?"

"வாங்குததா? எல்லாம் இவ கைப்பக்குவம்," என்று பெருமையாக என்னைக் காட்டினார்.

டாக்டர் முன்னால் நான் வாய் திறந்ததே கிடையாது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சர்க்கரை எவ்ளோ போடுவேள் மாமி?"

"கிலோவுக்குக் கிலோ." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஈஸ்வரா! அந்தச் சர்க்கரையும் ஏத்தும், ஆல்கஹாலும் ஏத்தும். ஹார்ட்டுக்குன்னு யாருமே ஒயின் ஆரம்பிக்கப்படாது. இவர் சொட்டுக்கூடத் தொடப்படாது."

"திராட்சை நல்லதுன்னாவளே?" என்றார் இவர்.

"அப்போ திராட்சையாவே தின்னுங்கோ!"

டாக்ஸியில் வரும் வழியெல்லாம், தேங்காய்ச் சில்லைக்கூட அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேனே, டம்ளரை மட்டும் கையில் கொடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்திரம் கழுவும் மோரிக்குப் பரணியை இழுத்துவந்து கவிழ்த்தேன். வாசனை சந்து முழுக்கப் பரவியது.

"என்னக்கா, கிறிஸ்மஸ் இப்பமே வந்துட்டா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்.

இவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏளா, பண்டிகைக்காவது ஒரு டம்ளர் எடுத்து வையி."

"கிட்ட வராதீய!"

சந்தே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் மெல்லப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே, "அப்ப மீன் கொழம்புல கொஞ்சம் தேங்காயாவது போடுவியா?" என்றார்.

"டாக்டரம்மாட்ட நானே கேட்டுட்டுச் சொல்லுதேன்," என்றேன்.