தகரத்தில் ஒரு ரயிலடி

இன்று நான் பாடம் சொல்லும் பள்ளியில் விளக்கைத் துடைத்தபோது விரலில் ஒட்டிய மண்ணெண்ணெய் வாடை, பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி இருந்து, பிறகு இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் கூலி லயத்து வரிசை வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போகும்போதெல்லாம் சுவரும் சட்டிகளும் அதிரும் அந்த வீட்டில் எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். மேற்கொண்டு படிக்கக் கிள்ளானில் உள்ள பெண்கள் பள்ளிக்கு என்னை ரயிலில் அனுப்பும்படி வாத்தியார் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகும், தண்டவாள வேலை பார்த்த அப்பா பதிலே சொல்லாமல் இருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் பிஸ்கட் தகரத்தை வெட்டி ஸ்டேஷன் கட்டினேன். ஈர்க்குச்சியில் தண்டவாளமும், சிவப்பும் பச்சையுமாக மிட்டாய்த்தாள் ஒட்டிய கைகாட்டியும் செய்து, களிமண்ணில் ஒரே ஒரு பெண்ணைப் பிடித்துக் கையில் புத்தகத்தோடு பிளாட்பாரத்தில் நிறுத்தினேன்.

“பொட்டப்புள்ள தனியா எங்க போறாளாம், சீமைக்கா?” என்று அண்ணன் சிரித்தான்.

“கிள்ளானுக்கு. ஒனக்கு டிக்கெட்டு கெடையாது, போ!”

இருட்டத் தொடங்கியதும் தகரத்துக்குள் சின்னத் திரிவிளக்கை ஏற்றி வைத்தேன். சன்னல்கள் மஞ்சளாக நடுங்கின. வேலை முடிந்து வந்த அப்பா குளிக்கக்கூடப் போகாமல் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, தார் படிந்த விரலால் அந்தப் பெண்ணை மெல்லப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

“வண்டி வர்றப்ப இவ்வளவு கிட்ட நிக்கக் கூடாது, தாயி. கிள்ளானுக்குப் போறப்ப நீயும் தள்ளியே நில்லு.”