குழல் முனையில் வைத்த பொட்டு

இந்த மாசியில் நானும் என் வீட்டுக்காரரும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்தோம். கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. பறக்கிற மண் தட்டைத் துப்பாக்கியால் சுட அவர் மறுபடி பழக வேண்டியிருந்தது.

அவர் ரயில் எஞ்சின் ஓட்டியவர். போன வருஷம் கரித்துகள் தெறித்து வலது கண் பார்வை போயிற்று. இப்போது ஷெட்டில் நாற்காலி வேலை. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. லீவு நாளில் தட்டு சுடப் போவது ஒன்றுதான் அவருக்கு முன்பு இருந்த ஆசை. வலது கண் இல்லாததால் இனி இடது தோளில் வைத்துச் சுட வேண்டும். முதல் எழுத்திலிருந்து படிப்பது மாதிரி. முதல் இரண்டு வாரம் ஒரு தட்டும் உடையவில்லை.

மூன்றாவது ஞாயிறு கிளம்பும்போது சொன்னார். "இன்னிக்கி ஒண்ணாவது ஒடையலன்னா துப்பாக்கிய வித்துடறேன். சும்மா மாட்டி வெச்சிக்கினு என்னா பண்றது?"

நான் விளக்கேற்றிக் கும்பிட்டு, வழக்கம்போல் துப்பாக்கிக் குழலின் முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் வைப்பேன். அவருக்குக் கண் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறேன், கிளம்பும்போதும் வைக்கிறேன்.

காலை ஆறு மணி பஸ். ஆளுக்குத் தொண்ணூற்றைந்து காசு. இருபத்து மூன்று மைல், ஒன்றேகால் மணி நேரம். திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சி சாலையில் மூன்று மைல் ஜட்கா. வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார், முக்கால் ரூபாய்க்கு வந்தார். ஜமக்காளத்தில் சுற்றியிருந்ததை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"துப்பாக்கிங்களா அது? வண்டில வெடிச்சிடாதே? அப்பறம் எங்குதிர பேஜாராயிடுங்க."

"கழட்டி வெச்சிருக்குதுப்பா," என்றேன்.

"கழட்டினா சரி. நானு குதிரையச் சொல்லல, என்னத்தான் சொன்னேன்."

அன்று முதல் முறையாக என் வீட்டுக்காரர் சிரித்தார்.

தண்ணீர் வற்றிய ஏரிக்குள்தான் சுடும் இடம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட தம் கொல்லையை ஒட்டி ஏற்பாடு செய்திருக்கிறார். காப்பித் தட்டு அகலத்தில் கறுப்பு மண் தட்டு. வில் வைத்த இரும்புக் கையில் பொருத்தி இழுத்துவிட்டால் குருவி மாதிரி விர்ரென்று போகும். அது தரைக்கு வருவதற்குள் சுட வேண்டும். எந்த உயிரும் சாகாது என்பதால் நானும் கூடப் போகச் சம்மதித்தேன்.

கையில் பத்துத் தோட்டா. ஏழு வீணாயிற்று.

"ரயிலு போனப்பறம் கைகாட்டி எறக்கறீங்களே டிரைவரே," என்றார் சுபேதார். "குண்டெல்லாம் தட்டுக்குப் பின்னாலயே போவுது. கண்ணு தட்டு மேல மட்டும் இருக்கணும். குழலு முனையப் பாத்தா கை நின்னுடும்."

"தெரியுது சார். ஆனா கண்ணு அங்கதான் போவுது."

கூஜாவில் தண்ணீர் கொண்டுபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. வெயிலில் குழல் முனையில் என் குங்குமம் தீக்கங்கு மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்கே வேறெதிலும் கண் போகவில்லை.

"இதத் தொடச்சிருக்கலாமில்லீங்க?"

"நீ வெச்சது."

"மூணு வாரமாவா?"

"கண்ணு போனதுலேர்ந்து வெச்சிக்கினு வர்ற. எங்கையால எப்பிடித் தொடைக்கறது?"

சுபேதார் அந்தப் பக்கம் திரும்பி, இரும்புக் கைக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். போன வாரமும் போட்டதுதான்.

துப்பாக்கியை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி என்னிடம் கொடுத்தார் என் வீட்டுக்காரர். முந்தானையை நனைத்து முனையைத் துடைத்தேன். அம்மன் குங்குமம் என்பதால் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மடியில் குங்குமப் பொட்டலம் இருந்தது. கன்னத்தை வைத்து அழுத்தும் மரக்கட்டையில் புதிதாகப் பொட்டு வைத்தேன்.

"இங்க இருந்தா கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துலயும் இருக்கும்."

எட்டாவது தட்டும் தப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பதாவதற்கு, "தூளுடா சாமி," என்று சுபேதார் சொல்லக் கேட்டுத் திறந்தபோது, வானத்தில் கறுப்புப் பொடி மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது தப்பியது. அதை அவர் சட்டை செய்யவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். லைசென்ஸ் கையிலேயே இருக்கட்டும். சுபேதாருக்கு முன்கூட்டியே கார்டு போட்டுவிடுங்கள். ஏரியில் நிழல் கிடையாது. குடையும் தண்ணீரும் காதுக்குப் பஞ்சும் வேண்டும். ஒன்பது மணிக்குள் தொடங்கினால் கண் கூசாது. பழக்கம் வரப் பல வாரம் ஆகும், ஒரு நாளில் முடிவு கட்ட வேண்டாம். சாமிக்கு வைப்பதைத் தாராளமாக வையுங்கள், முனையில் மட்டும் வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் அவர் இடது கன்னம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. கண்டக்டர் பார்த்தார், எதிர் சீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை தோட்டா வாங்கலாம் என்று அவர் விழுப்புரம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். நான் துடைத்துவிடவில்லை.