மாரிஸ் மைனருக்கு ஜெபீனா வைத்த பாயிண்ட்

ஜெபீனா போராடி வாங்கியவை இவை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் அல்ல, வேலை நடக்கும் இடத்தில் போட்ட ஒரு முக்காலி. ஷட்டரின் இரண்டாவது சாவி. அம்மா நூர்ஜகானின் சம்மதம். அதற்கு இரண்டு ரமலான் ஆனது. மாமியாரின் சம்மதம், அது, ஓடாத மிக்சியை ஓடவைத்ததும் அன்றைக்கே கிடைத்தது. நடுரோட்டில் படுத்துவிட்ட கரும்பு லாரியைக் கிளப்பியதற்காக டிரைவர்கள் கொடுத்த "கரண்ட் பாப்பா" என்ற பட்டம்.

இத்தனை வாங்கியும் ஒன்றை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. வண்டியோடு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், "அண்ணன் இல்லியா?" என்பார்கள். அவள் கையால் வேலை நடக்கலாம். ஆனால் இன்ன வண்டிக்கு இன்னது செய்யலாம் என்ற முடிவை அண்ணன் நவுஷாத் வாயால்தான் கேட்பார்கள்.

நவுஷாத்துக்கு இதில் வருத்தம் உண்டு. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருக்கும் அந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடை, அவர்களைப் பெற்ற அத்தா காஜா வைத்தது. அவர் இருக்கும்போதே வீட்டுக்கு வரும் டைனமோக்களுக்கு ஜெபீனாதான் கம்பி சுற்றுவாள். நவுஷாத் சுற்றினால் ஒரு சுற்று ஏறி ஒரு சுற்று இறங்கும். தங்கை சுற்றியது பாய் பின்னியதைப் போல் இருக்கும். இதை அவன் டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. ஆனாலும் வாடிக்கையாளர் முன்னால் முடிவைச் சொல்வது அவனாகவே இருந்தான்.

கச்சிராயபாளையம் தெய்வசிகாமணியின் மாரிஸ் மைனர் வந்தபோதுதான் அது மாறியது. அவருடைய அப்பா வாங்கிய கார். மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவருக்கு மரவள்ளிக் காடு இருக்கிறது. வாரம் ஒருமுறை மனைவி பச்சையம்மாளோடு அந்தக் காரில்தான் ஏறுவார். போன வாரம் கொண்டை ஊசி வளைவொன்றில் கார் இருமி இருமி நின்றுவிட்டது. செல்போனில் டவரும் இல்லை. கடைசியில் ஒரு ஜீப் கட்டி இழுத்து வந்தது.

"இன்னொரு தபா நின்னா எடைக்குப் போட்டுடறேன்னு சொல்லிட்டா இவ" என்றார் தெய்வசிகாமணி.

"எடைக்குப் போடறது வண்டியை மட்டுமில்ல" என்றாள் காரிலிருந்து இறங்காமலே பச்சையம்மாள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்துபோயிருந்தது. இரண்டு சின்ன முனைகள் திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் பிளக்குக்கு நெருப்பு அனுப்பும் இடம் அது. புதுப் பாயிண்ட் போடலாம். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டலாம். அதில் முனையும் கிடையாது, தேய்மானமும் கிடையாது.

"நீயே சொல்லு" என்றான் நவுஷாத் தங்கையிடம், வாடிக்கையாளர் காதுபடவே.

அவள் எலக்ட்ரானிக் என்றாள். ஊரெல்லாம் அதற்கு மாறிக்கொண்டிருந்தது. கிட் வந்தது, மாட்டினாள், சாவியைத் திருப்பினாள். கருகல் வாடை வந்தது. கிட் செத்துப்போயிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இப்போதைய வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் மைனஸ். அந்தக் கால மாரிஸ் மைனரில் அது பிளஸ். அதை மைனஸுக்கு மாற்றிய பழைய கார்களில் அத்தா பேட்டரி கிளாம்பில் சிவப்புப் பெயிண்ட் வைப்பார். இந்தக் காரிலும் சிவப்பு இருந்ததால், மாற்றிய வண்டி என்று நம்பிவிட்டாள். அத்தா கைபட்ட வண்டி என்றால் சோதித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது அண்ணன் தங்கை இருவருக்குமே வழக்கம். ஆனால் அத்தா இந்தக் காரில் எதையும் மாற்றவில்லை. பாடியோடு சேர்வது பிளஸ் என்று காட்ட மட்டும் பெயிண்ட் வைத்திருந்தார். டெஸ்ட் பல்பை ஒருமுறை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"கிட்டு டம்மின்னு சொல்லிக்கலாம்" என்றான் நவுஷாத் மெதுவாக.

"அப்போ அடுத்த கிட்டையும் அப்படியேதான் எரிக்கணும்ணே" என்றாள்.

தெய்வசிகாமணி வந்ததும் அவளே சொன்னாள். "தப்பு என்னுதுங்க. ஒயரை மாத்திக் குடுத்து எரிச்சிட்டேன். அது என் செலவு."

"அண்ணனை வுட்டு செஞ்சிருந்தா..." என்று அவர் இழுத்தார்.

"அவரு செஞ்சிருந்தாலும் எரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஒரே பெயிண்ட்டைத்தான் நம்பினோம்."

நவுஷாத் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையம்மாள் சிரித்துவிட்டாள்.

சிரிக்கும் அந்த அம்மாளை ஜெபீனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"மலையில வண்டி நின்னா பானட்டைத் தூக்குறது யாருங்க?"

"நான்தான். வேற யாரு?" என்றார் தெய்வசிகாமணி.

ஜெபீனா டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பழைய பாயிண்ட்டைத் திரும்ப வைத்து, ஒரு திருப்புளியையும் மெல்லிய தகட்டையும் அவரிடம் கொடுத்தாள். பாயிண்ட் முனைகளுக்கு நடுவில் தகடு உரசியும் உரசாமலும் போய்வரும்படி இடைவெளி வைக்க வேண்டும். தெய்வசிகாமணிக்குக் கண் மங்கியது, விரல் நடுங்கியது. திருப்புளி இரண்டு முறை கீழே விழுந்தது.

"இப்படிக் குடுங்க" என்று பச்சையம்மாள் காரிலிருந்து இறங்கினாள். "டெய்லி இவருக்கு இன்சுலின் போடறேன். ஊசியில ஒரு கோடு ஏறுனா மயங்கிப் பூடுவாரு. இது இன்னா பிரமாதம்?"

தகடு சிக்காமலும் தளராமலும் நடுவில் நின்றது.

ஜெபீனா அன்று மாலை வரை அதையே யோசித்தாள். கிட் நன்றாகவே ஓடும், மாதக்கணக்கில் தொடவேண்டாம். ஆனால் போகிற நாளில் சொல்லாமல் போகும், அந்த வளைவில் அதற்கு மருந்து கிடையாது. பாயிண்ட் அப்படி இல்லை. போவதற்கு முன்னால் இருமிக் காட்டும். கை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஓடவைக்கலாம். கை தெரிந்தவர் இப்போது இருக்கிறார்.

"பாயிண்ட்தான் வெக்கப்போறேன்" என்றாள்.

"கிட்டு எரிஞ்ச பயமா? ஊரு சிரிக்கும்மா, பழசுக்கே போறேன்னு" என்றான் நவுஷாத்.

"பயமா இருந்தா பிளஸ் மைனஸ் பார்த்து இன்னொரு கிட்டு மாட்டிட்டுப் போறேன். அது ஈஸி. இந்த வண்டி ஏறுற இடத்துல நீயும் இல்ல, நானும் இல்லண்ணே. அந்தம்மாதான் இருக்காங்க."

இத்தனை வருடத்தில் அவன் வண்டியைப் பார்த்து முடிவு சொல்லியிருக்கிறான். வண்டியில் பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார் என்று பார்த்ததில்லை.

புதுப் பாயிண்ட் போட்டாள். மறுநாள் இருவரையும் வரவழைத்துப் பழக்கினாள். தெய்வசிகாமணி முன்னால் நின்று ஹேண்டிலால் இன்ஜினை மெல்லச் சுற்றுவார். முனைகள் முழுதாகத் திறந்ததும் பச்சையம்மாள் "நிறுத்து" என்பாள்.

"நாப்பது வருசமா சொல்றேன், இப்பதான் நிக்கிறாரு" என்றாள்.

சனிக்கிழமை மலைக்குப் போனார்கள். நவுஷாத் காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபீனா ஒரு டிராக்டரின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஒரே போல்ட்டை இரண்டு முறை கழற்றி மாட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் மாரிஸ் மைனர் தன் சொந்த ஓட்டத்திலேயே வந்து கடை முன் நின்றது.

"பாதி மலையில இடறுச்சு" என்றார் தெய்வசிகாமணி. ஜெபீனாவின் முகம் சுண்டியது. "புதுசுல்ல, முனை படிஞ்சு இடைவெளி கொறஞ்சிருச்சு. இவ எறங்கி வெச்சா, நான் சுத்துனேன். ஒரு வெத்தல போடற நேரம்தான். அப்புறம் வெள்ளிமலை வரைக்கும் சத்தமே இல்ல."

"ஜீப்புக்காரன் தாண்டிப் போனான். கை காட்டிட்டு வந்தேன்" என்றாள் பச்சையம்மாள்.

தெய்வசிகாமணி பில் கேட்டார். கடை பில்லில் எப்போதும் நவுஷாத்தான் கையெழுத்துப் போடுவான். பேனாவை எடுத்தான்.

"நீ எதுக்குப்பா?" என்றார் அவர். "நாளைக்கு இன்னான்னா யாரைக் கேக்கணுமோ அவங்கதானே போடணும்."

நவுஷாத் பேனாவின் மூடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினான். அவள் கிரீஸ் கையைச் சுடிதாரில் துடைத்தாள். சுருக்கி ஒரு கிறுக்கல் போடலாமா என்று யோசித்து, அத்தா எழுத்தையும் சேர்த்து, கா. ஜெபீனா என்று முழுதாக எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 17-2-2024.