கப்பல் முதலாளியின் தலையில் ஒரு முடி

கெஷெ டீட்யன்ஸை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் வாயில் இரண்டு துண்டு ஃபிலிமைக் கவ்விக்கொண்டிருந்தாள். மூன்றாவது கழுத்தில் மாலையாகத் தொங்கியது. "உக்காருங்க" என்று அவள் சொன்னது எனக்கு "உம்மாம்" என்று கேட்டது.

ஹாம்பர்கில் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், அதுவும் சினிமாக் கொட்டகைச் செய்திப்படங்களில் மிஞ்சியதை ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர்கள், ஞாயிறு தவிர எல்லா நாளும் இரவு எட்டு மணிக்கு என்று அந்த வருடம்தான் துணிந்திருந்தார்கள். படத்தை வெட்டி ஒட்டுவது கெஷெயின் வேலை. படம் ஓடும்போது வாசிக்க வேண்டியதைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை.

கெஷெ ஃபிங்கன்வெர்டர் தீவின் மீனவர் குடும்பத்துப் பெண். கிளாஸ் என்ற அவளுடைய அப்பாவுக்கு மகளின் உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை.

"என்னதான் பண்றீங்க அங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஊர் உலகத்துல நடந்தத கால் மணி நேரத்துக்கு வெட்டுறோம்ப்பா."

"மிச்சம்?"

"குப்பைக்கூடைக்கு."

"புடிச்ச மீன்ல முக்கால்வாசிய திரும்பக் கடல்ல கொட்டுறதுக்கு ஒனக்கு சம்பளம் வேற."

ஐம்பத்தேழு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. புதுக் கப்பல் ஒன்றை நீரில் இறக்கும் விழா நடந்தது. கப்பல் முதலாளி ப்ரோடர்சன் முன்வரிசையில் நிற்க, அவர் மனைவி கப்பலின் மேல் ஒயின் புட்டியை வீசினாள். உடையவில்லை. மறுபடி வீசினாள். அப்போதும் உடையவில்லை. மூன்றாவது தடவை புட்டி நொறுங்கி, பக்கத்திலிருந்த பாண்டு வாத்தியக்காரர்கள் எல்லாரும் நனைந்தார்கள். எங்கள் கேமராக்காரர் ஒன்றையும் விடாமல் எடுத்திருந்தார். அன்றைக்கு உருப்படியாக இருந்த படம் அது ஒன்றுதான்.

ஃபிலிமைக் கழுவி எடுத்தபோது மணி ஆறரை. அந்த நேரம் பார்த்து உலர்த்தும் இயந்திரம் புகைவிட்டு நின்றுபோனது. ஈர ஃபிலிமை ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும். எங்கள் தலைமை ஆசிரியர் லூர்ஸ் கைக்கடிகாரத்தையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "செய்தியிலருந்து கப்பல எடுத்துடுங்க" என்றார்.

கெஷெ ஃபிலிமை ஒரு தட்டில் சுருட்டி வைத்து, "நீங்க கதவத் தொறங்க" என்று என்னிடம் சொன்னாள். தெருவைத் தாண்டி நேரே ஆல்மா புட்ஃபார்கனின் முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

சனிக்கிழமை நடனத்துக்குப் போகிறவர்கள் தலையில் சுருள் மாட்டி, தலைமுடி உலர்த்தும் கூண்டுகளுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர்.

"ஃப்ராவ் புட்ஃபார்கன், ஒங்க கூண்டெல்லாம் எனக்கு வேணும். இருபது நிமிஷம்."

ஆல்மா சீப்பை இறக்கவில்லை. "அதுக்குள்ள ஆள் இருக்காங்களே, பாக்கலியா?"

"அவங்களும் வேணும். பத்து கை."

"எதுக்கு?"

"எட்டு மணிச் செய்திக்கு."

அந்த வார்த்தைக்கு அப்போதே அவ்வளவு மதிப்பு இருந்தது. ஐந்து பேரும் தலையை வெளியே எடுத்தார்கள். முப்பது மீட்டர் ஃபிலிமையும் ஆணிக்கு ஆணி, நாற்காலிக்கு நாற்காலி கட்டி, கடை முழுக்க வலை விரித்ததுபோல் இழுத்தாள் கெஷெ. தொய்ந்த இடத்தில் பெண்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சூடு வேணாம், வெறும் காத்து மட்டும் வைங்க. நடுவுல யாரும் தொட்டுடாதீங்க."

"இது யாரு, மொட்டத் தல?" என்றாள் ஒருத்தி, கையிலிருந்ததை வெளிச்சத்தில் பார்த்து.

"கப்பல் மொதலாளி."

"அவருக்கு இந்தக் கடையில வேலையே இல்ல," என்றாள் ஆல்மா.

ஏழு இருபதுக்குக் காய்ந்தது. ஏழு ஐம்பதுக்குக் கெஷெ வெட்டி ஒட்டி முடித்தாள். அந்தப் பெண்கள் நடனத்தை மறந்து, முக்கால்வாசி உலர்ந்த தலையோடு, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒருத்தி வீட்டுக்கு ஓடினார்கள்.

எட்டு மணிக்குக் கப்பல் வந்தது. புட்டி உடையாதது வந்தது. பிறகு ப்ரோடர்சனின் வழுக்கைத் தலை திரை நிறைய வந்தது. அதன் உச்சியில் ஒற்றை முடி, நீளமாக, அழகாக வளைந்து, நான்கு வினாடி நின்றது. ஆல்மா கடையிலிருந்து ஃபிலிமோடு ஒட்டி வந்து, படம் ஓட்டும் இயந்திரத்தில் சிக்கிய முடி.

அன்று எங்கள் தொலைபேசி ஓயவில்லை. சிரித்தவர்கள்தான் அதிகம். திங்கட்கிழமை காலை லூர்ஸ் கெஷெயைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது ப்ரோடர்சனே தொலைபேசியில் கூப்பிட்டார். லூர்ஸ் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார்.

"இருவது வருஷமா டாக்டருங்களால முடியாதத ஒங்க ஆபீஸ் முடிச்சிருச்சே. யார் பண்ணது?" என்று ப்ரோடர்சன் கேட்டது அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

லூர்ஸ் கெஷெயைப் பார்த்தார். கத்துவதை எங்கே விட்டோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. புது உலர்த்தும் இயந்திரத்துக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ஒன்றல்ல, இரண்டு.

சண்டை ஆல்மா கடையில்தான் நடந்தது. டிவியில் வந்தது தன் முடிதான் என்று ஐந்து பேரும் அடித்துச் சொன்னார்கள்.

"ஒன்னுது கட்டைமுடி. அது எப்படி வளையும்?"

"சுருள் மாட்டியிருந்தேன்ல, வளையாம?"

ஆல்மாவோ கடையைத் திறந்த நாளிலிருந்து அந்தக் கடையில் விழுந்த முடியெல்லாம் தன்னுடையது என்றாள்.

ஃபிலிம் காயவைத்த அன்று கடையில் ஒரு கூண்டின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதைப் பழுதுபார்க்க ஆல்மாவின் தம்பி ஹார்ம் வந்தான், படகுத்துறையில் இயந்திரக்காரன். மன்னிப்புக் கேட்கப் போயிருந்த கெஷெ அவனுக்கு வெளிச்சம் காட்டினாள். பழுது ஒரு மணி நேர வேலை. அவன் ஆறு சனிக்கிழமை எடுத்துக்கொண்டான். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்யக் கடையில் ஐந்து பேரும் போட்டி போட்டார்கள்.

பின்னால் வந்த வருடங்களில் செய்தி வாசிப்பவரின் முகம் தெரிய ஆரம்பித்தது, பிறகு வண்ணம் வந்தது. கெஷெ இரண்டு பிள்ளை பெற்றாள், எடிட்டிங் அறைக்குத் தலைவியானாள். எழுபத்தாறில் முதல் தடவையாக ஒரு பெண் வாசிப்பவர் மேசையில் உட்கார்ந்து செய்தி வாசித்த நாளில் எங்கள் அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் நின்றபடியே பார்த்தோம்.

கெஷெ வீட்டுக்குப் போனபோது எண்பத்துநாலு வயது அப்பா கிளாஸ் தூங்காமல் உட்கார்ந்திருந்தாராம்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

கிழவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "கொரல் நல்லாருக்கு. மூடுபனியிலகூட கேக்கும்."

மீனவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. கெஷெ மறுநாள் வந்ததும் வராததுமாக எங்களிடம் அதைத்தான் சொன்னாள். அன்றைய முதல் ஃபிலிம் வருவதற்குள் அது கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.