சுவரில் மீன் பிடிக்கிறவர்கள்

டென்மார்க்கில் பட்டப்பகலிலும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். பெருநாளும் இல்லை, செத்தவீடும் இல்லை. கோப்பி குடிக்கத்தான். ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள்.

எண்பத்தாறில், கிரின்ஸ்டெட்டுக்கு வந்த முதல் மாரியில், எனக்கும் இது தெரியாது. பக்கத்து வீட்டு ஊலே கோப்பிக்குக் கூப்பிட்டார். பால் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்ந்த மனிதர். மேசையில் மெழுகுதிரி எரிந்தது. அதற்கு நேர் மேலே, சுவரில், சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். படத்துக்குக் கீழே வெளிச்சம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். எழும்பிச் சிலுவை போட்டேன். தெரிந்த அரைகுறை டேனிஷில் கேட்டேன்: “உங்கட ஆக்களோ? எப்ப செத்தவை?”

ஊலே படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “செத்து நானூறு வருசம் இருக்கும். என்ர ஆக்கள் இல்லை. வெள்ளைக்காரர் போக முந்தியே அமெரிக்காவில இருந்த சனம். வடிவாயிருக்கெண்டு வாங்கி மாட்டினனான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி சவரியின் படம் பெட்டிக்குள், சேட்டுகளுக்கு அடியில் கிடந்தது. கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. சுவரில் மாட்டினால் அவன் செத்தான் என்று நானே சொன்ன மாதிரி. மாட்டாமல் விட, முகம் மறந்துகொண்டு போனது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மரத்தைக் குடைந்த வள்ளம், நடுவில் நெருப்பு. தண்ணீருக்குள் தடி நட்டு, தட்டி கட்டி, மீனை உள்ளே விட்டு மறிக்கிற களங்கட்டி. எங்கள் ஊர் விடத்தல்தீவின் ஆழமில்லாத பரவைக்கடலில் நானும் சவரியும் இப்படித்தான் கட்டினோம். முகங்கள் மட்டும் வெள்ளைக்கார முகங்கள். உடம்பு கோயில் சொரூபம் மாதிரி. ஊலே சொன்னார்: படத்தை வெட்டினவர் அமெரிக்கப் பக்கமே போகவில்லையாம். யாரோ பார்த்துக் கீறினதை வைத்துச் செம்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தாராம். காணாத கடல். ஆனாலும் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார். என்ன பொறுமை! அந்தக் கையை மனதுக்குள் கும்பிட்டேன். ஈட்டியோடு நிற்கிறவனின் முதுகு சவரியின் முதுகு.

சவரியைப் பற்றியும் பெட்டிக்குள் கிடக்கிற படத்தைப் பற்றியும் ஊலேக்குச் சொன்னேன். பாதிதான் விளங்கியிருக்கும்.

“தம்பியின்ர படத்தை நீயும் மாட்டு. இவையளைப் பார். இண்டைக்கும் மீன் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கினம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சவரியின் படத்தை என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். மாலை போடவில்லை. அன்றைக்கே அடுத்த பட்டணம் பிராண்டேயிலிருந்து எங்கள் ஊர்க்காரர் அருளப்பு அண்ணை காரில் வந்தார். படத்தைக் கண்டதும் குளிர்த்தொப்பியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது.

“எப்பயடா செய்தி வந்தது?”

“வரேல்லை அண்ணை.”

“பிறகென்ன விசருக்கு மாட்டினனி?”

தேத்தண்ணி வைத்தேன். அந்த நேரம் ஊலேயும் வந்தார். நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

“இவர் என்ன மீன் பிடிக்கிறவர்?”

பாரை. அதற்கு டேனிஷில் என்னவென்று தெரியாது. இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினேன்.

“அடேயப்பா, அவ்வளவு பெரிசோ!” என்றார் ஊலே.

பின்னால், கதிரையில், அருளப்பு அண்ணை தலையைக் குனிந்து வாய்க்குள் செபம் சொல்லத் தொடங்கினார். நான் நடுவில், விரித்த கையோடு நின்றேன்.