சிவப்பா, பச்சையா, எரியலையா?

வாட்டர் ஹீட்டர் சர்வீஸ் கடையில் போன் எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் குளியலறைக்குள் நுழைகிற வேலை. மார்கழி பிறந்துவிட்டால் ஜங்ஷனில் உள்ள எங்கள் கடை போன் விடிந்ததிலிருந்து அலறும். "லைட்டு என்னமோ பண்ணுது" என்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்விதான்: சிவப்பா, பச்சையா, எரியலையா? வருகிற பதிலை வைத்துக் கோளாறை ஊகித்து ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆள் என் வீட்டுக்காரர். நான் தப்பாக ஊகித்தால் கரண்டில் கை வைக்கப்போவது அவர். ஆகவே ஹீட்டர் விளக்கைப் பார்த்து நீங்கள் எப்போதாவது நடுங்கியிருந்தால், உங்களைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு போனின் இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று ஆறுதல் அடையுங்கள்.

மூன்று சிவப்பு

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார், இவராக ஹீட்டர் போட்டிருக்கிறார். "மூணு சிவப்பு லைட்டு எரியுதும்மா" என்றார். அந்த மாடலில் இருப்பதே ஒரு சிவப்பு விளக்குதான், அது தண்ணீர் காய்கிறது என்று சொல்வதற்கு. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? உள்ளே ஒயர் பற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் மூடி வழியாகக் கனல் தெரிகிறதோ என்று நினைத்தேன். மெயினை அணைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னேன். மனிதர் துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கும்போது நாம் எல்லோரும் கழற்றி எதிரில் இருப்பதில் ஒட்டுவோமே, அதேதான். கண்ணாடி போடாத கண்ணுக்கு, விளக்கு வெளிச்சத்தில் அவையும் மினுங்கியிருக்கின்றன. துண்டுக்காரர் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். பிறகு சொன்னாராம்: "கல்யாணம் முடிஞ்சு இம்புட்டு வருசத்துல, அவ பொட்டை எங்கன ஒட்டுதாள்னு நான் பாத்ததே இல்ல வே."

பச்சை

இந்த போன் துபாயிலிருந்து வந்தது. வீடு மேலப்பாளையத்தில். கூப்பிட்ட மகன் வாங்கிக் கொடுத்த ஹீட்டரை அவருடைய உம்மா பயன்படுத்துகிறார். காலைத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கக் குழாயில் கை வைத்ததும் சுருக்கென்று இழுக்கிறதாம். "பச்சை நல்லா எரியுது. அதனால ஹீட்டர்ல கோளாறு இல்ல. வாதமா இருக்கும், டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன். எதுக்கும் உங்கள்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு" என்றார்.

பச்சை, கரண்டு வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். வந்த கரண்டு எங்கே போகிறது என்று சொல்லாது. அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது என்று உம்மாவுக்கு உடனே சொல்லச் சொன்னேன். உம்மா பேத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. கிடைக்கிறவரை நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவர் அவருடைய அல்லாஹ்வைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தபோது, சுவரில் இருந்த பழைய பிளக் பாயிண்டில் நுழையவில்லை என்று பிளக்கின் மூன்றாவது முள்ளான எர்த் முள்ளை யாரோ உடைத்துவிட்டிருந்தார்கள். கசிந்த கரண்டு போக வழியில்லாமல் குழாயில் நின்றிருக்கிறது. உம்மாவுக்குக் கடைசிவரை மனது ஆறவில்லை: "பச்சைதானம்மா எரிஞ்சுது? பச்சைன்னா நல்லதுன்னுதானே சின்னதுலேர்ந்து சொல்லித் தந்தாவ?"

எரியாதது

எரிகிற விளக்குக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு எரியாத விளக்கென்றால்தான் உயிர் போகும்.

மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி, டவுனுக்கு வெளியே அடுக்குமாடி வீட்டில் குடியேறிய ஒருவர். மலைக் குளிரில் விறகடுப்பு வெந்நீரில் குளித்து வளர்ந்த உடம்பு. நம் ஊர் வெயிலிலும் வெந்நீர் வேண்டும் என்று ஹீட்டர் வாங்கியிருக்கிறார். "லைட்டு எரியலம்மா. அதான் ஸ்டூல் போட்டு ஏறி மூடியைக் கழட்டிட்டேன். ஒயரு எதும் விட்டிருக்கான்னு கை வச்சுப் பாக்கட்டா?" என்று நிதானமாகக் கேட்டார். சுவிட்சை அணைத்தீர்களா என்றேன். "லைட்டே எரியலையே, அப்புறம் எதுக்கு அணைக்கணும்?" என்றார்.

நான் கத்திய கத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்டூலைவிட்டுப் பைய இறங்கி, வெளியே வந்து, மெயினை அணைக்கிறவரை அவரைப் பேசிக்கொண்டே இருக்க வைத்தேன். போய்ப் பார்த்ததில் கெட்டுப்போனது விளக்கு மட்டும்தான். உள்ளே கரண்டு முழுசாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவரே மறுபடி கூப்பிட்டார். குரலில் பழைய நிதானம் இல்லை: "யானை வந்தா மரம் முறியுத சத்தம் கேக்கும். காட்டுமாடு வந்தா வாடை அடிக்கும். இது வாரது ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே தாயி."

மெயின் சுவிட்ச்

பேட்டையில் ஒரு வீடு. சுவிட்சை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிகிறது என்றார்கள். ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், சுவிட்சை நம்பாதீர்கள், மெயினையே அணைத்துவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் போய் வேலையை ஆரம்பித்திருப்பார் என்று நான் நினைத்த நேரத்தில், அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். கோபமாக இருந்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், மோட்டார் போட வேண்டுமாம். "மெயினைப் போட்டேன், கரண்டே வரலையே. உங்க ஆளு என்ன பண்ணி வச்சிருக்காரு?"

தண்ணீர் வந்துவிட்டால் நாம் வேறு எதையும் யோசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். ஆனால் அந்த மெயினை நம்பி ஹீட்டருக்குள் கை விட்டிருப்பவர் என் பிள்ளைகளின் அப்பா. கரண்டு ஏன் வரவில்லை? அவர் மேல் பாய்ந்து பீஸ் போய்விட்டதோ? "அவர் எங்கம்மா?" என்று கேட்டேன். "உள்ளதான் இருக்காரு. சத்தத்தையே காணும்" என்றார். போய்ப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குள் அந்த அம்மாவுக்கே என்னவோ தோன்றி, போனை அணைக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார். அங்கே குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.

திரும்பி வந்த அம்மாவுக்குக் கோபம் இன்னும் கூடியிருந்தது: "அவரு நல்லா கல்லு மாதிரிதான் இருக்காரு. எங்க வீட்டு பீஸ் கட்டையப் பிடுங்கித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டுல்லா வேலை பாக்காரு. முதல்ல அதக் குடுக்கச் சொல்லுங்க, தண்ணி நின்னுரும்."

எத்தனையோ புகார்களை எடுத்துவிட்டேன், ஆனால் தினமும் காலையில் நான் வேண்டிக்கொள்கிற புகார் ஒன்றே ஒன்றுதான்: வந்த ஆள் பீஸ் கட்டையைத் தர மாட்டேன் என்கிறார்.