மூன்றாம் கம்பத்து ராசு அண்ணன்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் வலைப்பைக்குள் டெனிஸ் பந்துகள் தொங்கின. மழைக்கு ஒதுங்கியவன் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன். புது ரப்பர் வாசம். "திங்கவா போறீங்க?" என்றார் கடைக்காரர். அவருக்கு எங்கே தெரியும், அந்த வாசத்துக்குள் ராசு அண்ணன் நிற்பது.

எல்லே விளையாட்டில் மூங்கில் கட்டையால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டுக் கம்பம் கம்பமாக ஓட வேண்டும். ஓடுகிறவன்மேல் பந்து பட்டால் அவுட். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்து அணியில் மூன்றாம் கம்பத்தருகே நின்றவர் அவர். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த வெறுங்கை. தரையை உரசி வரும் பந்து அதில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். நானும் அணியில்தான் இருந்தேன். தேயிலைக்குள் விழுந்த பந்தைத் தேடி, அட்டைக்கடியோடு திரும்புவது என் பொறுப்பு.

பதுளைத் துணிக்கடை முதலாளி ஒருவர் அவரைக் காசு கொடுத்துத் தன் அணிக்கு அழைத்துப்போனார். விளையாடச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். வெலிமடை, லுணுகலை என்று ஊர் ஊராகப் போனார். காலையில் பெரட்டுக் களத்தில் தோட்ட வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அவரிடமிருந்து பதில் வராது.

அவர் மனைவி கமலா அண்ணி விறகு அடுக்கியபடியே கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"பேர வெட்டிட்டா காம்பராவ விடச் சொல்லுவாங்க. புள்ளைய எங்க படுக்க வைப்பீங்க, மூணாங் கம்பத்துலயா?"

"நீ கொழுந்து எடுக்குற வரைக்கும் யாரு கேப்பா? டவுன்ல வீடு பாத்துருவேன். இந்த வருசம் மட்டும்."

"போன வருசமும் இதேதான்."

தோட்டத்து ஆபீசில் கேட்டார்கள். தோட்டம் கொடுத்த ஒற்றை அறை லயத்துக் காம்பரா அவர் பேரில்தான் இருந்தது. அண்ணி எடுத்த கொழுந்து அதற்குக் கணக்கில் வரவில்லை. பேரை வெட்டிய கொஞ்ச நாளில், வெலிமடையில் பந்துக்குக் குனிந்தவரின் கையை ஓடிவந்தவன் மிதித்துவிட்டான். விரல்கள் கோணலாகவே ஒட்டின.

"சொகமானதும் வாங்க தம்பி, ஒங்க எடம் ஒங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. மறுவாரமே அங்கே வேறொருவன் நின்றான். கத்தி பிடிக்க முடியாத கைக்குத் தோட்டத்திலும் பேர் இல்லை.

காம்பராவைக் காலி செய்த அன்று நான் அம்மியைத் தூக்கினேன். ஆபீசில் ஒப்படைக்க வேண்டிய சாவியை அண்ணி வாசலிலிருந்து எறிந்தார். பழக்கத்தில் அண்ணன் கை நீண்டது. சாவி விரலிடுக்கில் நழுவிச் சாக்கடைக் கானில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணிதான் இறங்கிச் சேற்றில் துழாவினார்.

கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னவர்கள்கூட இப்போது சொல்வதில்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். மைதானத்தில் சவுக்கு மரங்கள். மூன்றாம் கம்பம் நட்ட குழியைத் தேடி ஒருமுறை போனேன். தொலைந்ததைத் தேடுவதுதானே என் வேலை. அட்டைகள் மட்டும் என்னை மறக்கவில்லை, குழி கிடைக்கவில்லை.